இணைய வழி அழைப்பு: எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம்? செட்டிநாட்டு வியாபாரிகளுக்கு ஒரு விளக்கம்

காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்பவர்களுக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆர்டர்கள் பெரும்பாலும் இப்போது வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகின்றன. அங்கிருப்பவர் வீடியோவில் மனகோலத்தின் நிறத்தைப் பார்க்கிறார், சீப்புச் சீடை எத்தனை கிலோ என்று சொல்லிவிடுகிறார், பேச்சு முடிந்தது. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் வாங்குபவரோ பட்டறையில் கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றுவதையே நேரில் பார்ப்பதுபோல் பார்த்துவிடுகிறார். (கேமராவில் தெரியும் சிவப்பு வேறு, தண்ணீரில் ஊறிக் காய்ந்த கல்லின் சிவப்பு வேறு. முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு மாதிரிக் கல்லைத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது.)

இப்படி வியாபாரத்துக்கு இணைய அழைப்பைப் பயன்படுத்த அரசிடம் ஏதாவது பதிவு, கட்டணம், அனுமதி உண்டா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. உங்கள் செயலியிலிருந்து இன்னொருவரின் செயலிக்குப் பேசுவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. வீட்டுப் பேச்சா வியாபாரப் பேச்சா என்ற வேறுபாடும் கிடையாது.

சட்டம் நுழையும் இடம் ஒன்றே ஒன்றுதான். இணையத்தில் கிளம்பிய அழைப்பு சாதாரணத் தொலைபேசி எண்ணில் போய் மணி அடித்தால், அல்லது சாதாரண எண்ணிலிருந்து வந்த அழைப்பு இணையத்துக்குள் இறங்கினால், அந்த இணைப்பைக் கொடுப்பவரிடம் மத்திய அரசின் உரிமம் இருந்தாக வேண்டும். உரிமம் சேவை தருபவருக்குத்தான், அதை வாங்கிப் பயன்படுத்தும் கடைக்காரருக்கு அல்ல. இந்த ஒரு கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் எளிதாகப் புரியும்.

இந்தக் கோடு வந்ததற்குக் காரணம் பணம். அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. அதே நிறுவனம்தான் வெளிநாட்டு அழைப்புகளுக்கும் அப்போது ஏகபோக உரிமையாளர். பினாங்குக்கு நிமிடக் கணக்கில் காசு கட்டிப் பேசிய காலத்தில், இணையத்தில் அதே பேச்சு ஏறக்குறைய இலவசமாகப் போனால் கல்லாப் பெட்டி என்ன ஆகும்? 1999-இன் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை, இணையத் தொலைபேசிக்கு இப்போதைக்கு அனுமதியில்லை என்றே எழுதி வைத்தது. விஎஸ்என்எல்லின் ஏகபோகம் 2002 மார்ச் 31-இல் முடிந்தது. மறுநாளே, ஏப்ரல் 1 முதல், இணைய அழைப்பு சட்டபூர்வமானது.

அதுவும் பாதிக் கதவுதான். கணினியிலிருந்து கணினிக்குப் பேசலாம், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம். ஆனால் காரைக்குடிக் கணினியிலிருந்து தேவகோட்டைத் தொலைபேசிக்குப் பேசக் கூடாது! இந்த விசித்திரம் பதினாறு ஆண்டுகள் நீடித்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 அக்டோபரில் பரிந்துரை கொடுத்து, தொலைத்தொடர்புத் துறை 2018 ஜூனில் தெளிவுபடுத்திய பிறகே, முழு உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் செயலி வழியாக எந்த எண்ணுக்கும் அழைக்கும் சேவையைத் தர வழி பிறந்தது. அடுத்த மாதமே பிஎஸ்என்எல் 'விங்ஸ்' என்ற பெயரில் அத்தகைய சேவையை அறிவித்தது.

இன்று ஒரு கடையோ விடுதியோ இதனால் என்ன பெறலாம்? கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்துபவர், முன்பதிவுக்கு ஒரே எண் வைத்து, அது விடுதியின் முகப்பிலும் சென்னை அலுவலகத்திலும் ஒருசேர ஒலிக்கும்படி செய்யலாம். யாரும் எடுக்காவிட்டால் பதிவுக்குரல் பேசும், தவறிய அழைப்புகள் பட்டியலாக வந்து சேரும். இதை விற்கும் நிறுவனங்கள் ஏராளம். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "இந்த எண் எந்த உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனத்தின் எண்?" என்பதுதான். நேரான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். முறையாகத் தருபவர் உங்கள் அடையாளச் சான்றும் தொழில் சான்றும் கேட்பார். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேரும், பில்லும் கிடைக்கும். பத்துப் பேரை உட்கார வைத்து அழைப்பு மையம் நடத்துவதற்குக்கூட முன்புபோல் தொலைத்தொடர்புத் துறையில் தனிப் பதிவு தேவையில்லை. 2020 நவம்பரில் அந்தப் பதிவை நீக்கிவிட்டார்கள், 2021 ஜூனில் விதிகளை இன்னும் தளர்த்தினார்கள்.

விடுதிக்காரர்களுக்கு இன்னொரு வசதி கையிலேயே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. நம் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி செல்பேசி சிக்னல் இரண்டாங்கட்டு வரை வருவது அபூர்வம். விருந்தாளி பேசுவதற்காக முகப்புக்கு நடந்து வருகிறார். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் வைஃபை அழைப்பு வசதியைத் தொடங்கின. செல்பேசி அமைப்புகளில் அதை இயக்கிவிட்டால், வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) இருக்கும் வைஃபை வழியாகவே உங்கள் வழக்கமான எண்ணில் அழைப்பு வரும், போகும். தனிச் செயலி வேண்டாம். குரல் அழைப்புக்கு இணைய வேகமும் அதிகம் தேவையில்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு 100 எம்பிகூடச் செலவாகாது. வேகத்தைவிட, குரல் தாமதமில்லாமல் போய்ச் சேருவதே முக்கியம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தர அளவு.

இந்தத் தொழிலின் மதிப்பு எப்படி ஏறி இறங்கியது என்பதற்கு ஸ்கைப் ஒன்றே போதும். 2003-இல் தொடங்கியது. 2005-இல் ஈபே 260 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்தது. 2025 மே 5-இல் மூடிவிட்டார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அனைவரையும் ஒரு ஸ்கைப் பெயரில் மட்டும் சேர்த்து வைத்திருந்த வியாபாரிக்கு அன்று எவ்வளவு வேலை வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செயலி அவர்களுடையது, எண்தான் உங்களுடையது. முகவரிப் பட்டியலைத் தனியாக எழுதி வையுங்கள், பலகாரப் பொட்டலத்தில் எண்ணையே அச்சிடுங்கள். 04565 என்று தொடங்கும் பழைய தரைவழி எண்ணை இன்னும் வைத்திருக்கும் கடைகள், அதையே வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பதியலாம். உறுதிப்படுத்தும் குறியீடு அந்தத் தொலைபேசிக்குக் குரல் அழைப்பாகவே வரும்.

இந்தியாவில் சரியென்பது எல்லா நாட்டிலும் சரியல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்கே அனுமதிக்கப்பட்ட போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். துபாயில் இருக்கும் மகனிடமோ வாடிக்கையாளரிடமோ இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுத் தடையைத் தாண்டச் சொல்லாதீர்கள். அந்நாட்டின் அபராதத் தொகைகள் லட்சக்கணக்கான திர்ஹாமில் இருக்கின்றன.

தீபாவளிக்கு முன் பழைய வாடிக்கையாளர் அனைவருக்கும் போன் போட்டு "முறுக்கு வேண்டுமா?" என்று கேட்பது பலருக்கு வழக்கம். தெரிந்தவர் நாலு பேரிடம் கேட்பது வேறு. சாதாரண எண்ணிலிருந்து, சம்மதம் தராதவர்களுக்கு வரிசையாக விளம்பர அழைப்பு போடுவது டிராய் விதிக்கு முரண். விளம்பர அழைப்புக்கென்று 140 வரிசை எண்கள் இருக்கின்றன. 2025 பிப்ரவரியில் திருத்திய விதிப்படி, பத்து நாளில் ஐந்து புகார் போனாலே நடவடிக்கை தொடங்கும். முதல் முறை, உங்கள் இணைப்புகளிலிருந்து வெளியே அழைப்பது 15 நாள் நிறுத்தப்படும். மீண்டும் நடந்தால் ஓராண்டுக்கு எல்லா நிறுவனங்களிலும் இணைப்பு துண்டிக்கப்படும். வியாபார எண் ஓராண்டு இல்லாமல் போவதைவிட 140 வரிசைக்குப் பதிவு செய்துகொள்வது மலிவு.

இனி, செட்டிநாட்டில் எச்சரிக்கையாகக் கேட்க வேண்டிய விஷயம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் இங்கே அதிகம். உடைமையாளர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார், உள்ளூரில் ஒருவர் பார்த்துக்கொள்வார். அவரிடம் யாரோ வந்து, "ஒரு அறை மட்டும் போதும், மின்சாரமும் இணையமும் இருந்தால் சரி, ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போகிறோம், மாத வாடகை தாராளமாகத் தருகிறோம்" என்று சொன்னால், அது அநேகமாக சிம் பாக்ஸ். பல சிம் கார்டுகளைச் செருகிய இந்தப் பெட்டி, வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் அழைப்பை வாங்கி, உள்ளூர் எண்ணிலிருந்து வருவதுபோல் மாற்றி அனுப்பும். முறையான வழியில் வரும் வெளிநாட்டு அழைப்பை இறக்கிக் கொடுக்க இந்திய நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு 35 முதல் 65 காசு வரை கட்ட வேண்டும் என்பது 2020 மே முதல் உள்ள விதி. உள்நாட்டு அழைப்புக்கு இந்தக் கட்டணம் 2021 ஜனவரி முதல் கிடையாது. இடையில் உள்ள காசுதான் அவர்கள் லாபம். அதைவிடப் பெரிய கேடு, உண்மையில் யார், எங்கிருந்து அழைத்தார் என்ற தடயம் அழிந்துபோவது. விசாரணை வந்தால் தடயம் முடிவது அந்த அறையில்தான்.

1885-இன் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டம், அனுமதியின்றித் தொலைத்தொடர்புச் சேவை நடத்துவதற்கு மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவதற்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "உங்கள் ஆதாரில் ஒரு சிம் எடுத்துத் தாருங்கள், ஐந்நூறு தருகிறேன்" என்பவரைத் திண்ணையிலேயே திருப்பி அனுப்புங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை 2023 மே முதல் இயங்கும், தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுடையது அல்லாத எண் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம். ஒருவர் பெயரில் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது.

மறுபக்கத்து மோசடியும் இதே தொழில்நுட்பத்தில்தான் வருகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை +91 என்று காட்ட வைப்பதைத் தடுக்க 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாடு தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்திலேயே ஏறத்தாழ 1.35 கோடி போலி அழைப்புகளைத் தடுத்ததாக அரசு அறிவித்தது. ஆனால் வாட்ஸ்அப் வீடியோவில் சீருடையோடு தோன்றி, "உங்கள் மகன் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள், நீங்கள் கைது, கேமராவை அணைக்காதீர்கள்" என்று மிரட்டுபவனை அந்த வலை பிடிக்காது. பிள்ளைகள் வெளிநாட்டில், ஆச்சி மட்டும் வீட்டில் என்றால் அவன் கதை எளிதில் எடுபடும். வீடியோ அழைப்பில் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அழைப்பைத் துண்டித்துவிட்டு மகனிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் போகவில்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த எண்ணைத் தெரிவித்தால் போதும், வாட்ஸ்அப் அழைப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள்.