புனைபெயர் அல்ல, வேற்றாள்

"பெர்னாண்டோ பெசோவா எழுபதுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் எழுதிய போர்ச்சுக்கீசியக் கவிஞர்." இந்த வாக்கியத்தைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு பலமுறை படித்துவிட்டேன். போன வாரம் ஒரு கவிதைக் கூட்டத்திலும் கேட்டேன். பக்கத்தில் இருந்த இளைஞர், "நம்ம சுஜாதா மாதிரியா சார்?" என்றார். இல்லை என்றேன். அப்புறம் எப்படி என்று அவர் கேட்டபோது சட்டென்று சொல்ல ஒரு தமிழ்ச் சொல் வாயில் வரவில்லை.

இந்த வாக்கியத்தை எழுதுகிறவர்கள் புனைபெயர் என்று மொழிபெயர்க்கும் சொல் ஹெட்டரோனிம். கிரேக்கத்தில் 'ஹெட்டரோஸ்' என்றால் வேறு, 'ஓனோமா' என்றால் பெயர். புனைபெயரைக் குறிக்கும் 'சூடோனிம்' என்பதன் முதல் பாதிக்குப் பொய் என்று பொருள். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் ஒரே பொருள் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஒன்றல்ல என்று சொன்னவர் பெசோவாவேதான். 1928 டிசம்பரில் 'பிரெசென்சா' இதழுக்குத் தன் நூல் விவரங்களை எழுதிக் கொடுத்தபோது இரண்டையும் பிரித்தார். புனைபெயரில் எழுதியது அந்த ஆசிரியர் தாமாகவே இருந்து எழுதியது, கையெழுத்து மட்டும் வேறு. ஹெட்டரோனிமின் எழுத்தோ ஆசிரியர் தம் ஆளுக்கு வெளியே நின்று எழுதியது. ஒரு நாடகத்தின் பாத்திரம் பேசுவது போல, அவர் உருவாக்கிய ஒரு முழு மனிதருடையது. இவ்வளவு தெளிவாக அவரே சொன்ன பிறகும் நாம் புனைபெயர் என்று எழுதினால், அவர் எதை மறுத்தாரோ அதையே அவர் மேல் ஏற்றுகிறோம்.

ரங்கராஜன் சுஜாதா ஆனபோது மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார், எழுதியவர் ரங்கராஜன்தான். விருத்தாசலம் கதைக்குப் புதுமைப்பித்தன் என்றும் கவிதைக்கு வேளூர் கந்தசாமிப் பிள்ளை என்றும் வைத்துக்கொண்டார். அங்கே மாறியது சட்டை. பெசோவாவிடம் மாறுவது உடம்பு.

1935 ஜனவரி 13-ஆம் தேதி, இறப்பதற்குப் பத்து மாதம் முன்பு, விமர்சகர் அடோல்ஃபோ கசைஸ் மொன்டெய்ரோவுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அவர் உருவாக்கிய ஹெட்டரோனிம்களில் ஒருவரான ஆல்வரோ டி காம்போஸ் பிறந்தது போர்ச்சுக்கலின் டவிரா ஊரில், 1890 அக்டோபர் 15, மதியம் ஒன்றரை மணிக்கு. கிளாஸ்கோவில் படித்த கப்பல் பொறியாளர். உயரம் 1.75 மீட்டர், பெசோவாவைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம். ரிக்கார்டோ ரெய்ஸ் ஒரு மருத்துவர், முடியாட்சியை ஆதரித்தவர், 1919 முதல் பிரேசிலில் வசிப்பவர். இவர்களுக்கெல்லாம் ஆசான் அல்பெர்ட்டோ கையெய்ரோ. நீலக் கண், ஆரம்பப் படிப்புக்கு மேல் கிடையாது. 1915-இல் காசநோயில் இறந்தும் போனார். யார் எப்படி எழுதுவார் என்பதையும் பெசோவா குறித்துவைக்கிறார். கையெய்ரோவின் போர்ச்சுக்கீசியம் மோசம். காம்போஸ் பரவாயில்லை, ஆனால் சில இடங்களில் வழுக்குவார். ரெய்ஸ் என்னைவிட நன்றாக எழுதுவார், ஆனால் அவருடைய மொழித்தூய்மை எனக்கு அதிகப்படியாகத் தெரிகிறது என்கிறார். ஒருவர் தன் புனைபெயரின் இலக்கணத்தைக் குறை சொல்வாரா? ரெய்ஸும் காம்போஸும் கவிதையைப் பற்றித் தங்களுக்குள்ளேயே சண்டை போட்டிருக்கிறார்கள். பெசோவா காதலித்த ஒஃபேலியாவுக்கு 1929-இல் காம்போஸ் பெயரில் ஒரு கடிதம் போயிருக்கிறது. காதலிக்கு எழுதுகிறவருக்குப் புனைபெயர் எதற்கு?

சரி, புனைபெயர் வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இப்போது 'மாற்றுப்பெயர்' என்கிறார்கள். 'வேற்றுப்பெயர்' என்கிறவர்களும் உண்டு. இரண்டாவது கிரேக்கத்துக்கு மிக நெருக்கம், எழுத்துக்கு எழுத்து சரி. எனக்கு அதுவே குறையாகப் படுகிறது. கிரேக்கச் சொல்லில் 'பெயர்' இருப்பதால் தமிழிலும் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? மாற்றுப்பெயர் என்றதும் தமிழ்க் காதில் விழுவது காவல் நிலைய அறிவிப்பு: குமார் என்கிற வெள்ளை குமார். ஆள் ஒன்று, பெயர் இரண்டு. பெசோவாவின் கணக்கில் பெயர் வேறாக இருப்பது ஆள் வேறாக இருப்பதால்தான். பெயரைச் சொல்லி ஆளை விட்டுவிட்ட சொல்லை வைத்து என்ன விளக்க முடியும்?

'மாற்று ஆளுமை' இன்னும் மோசம். மனநல மருத்துவரின் குறிப்பேட்டு வாசனை அடிக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்கு 'ஆளுமை' எல்லாப் பூட்டுக்கும் சாவி. பண்பு, குணம், பிரமுகர், மேதை எல்லாமே இன்று ஆளுமை. அந்தத் தேய்ந்த சொல்லை மறுபடி இங்கேயும் இழுத்துவர வேண்டாம்.

சங்க அகப்பாடலின் 'கூற்று' போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆண் புலவர் தலைவியாகப் பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் அகத்தில் "சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்" என்று தொல்காப்பியம் தடுக்கிறது. தலைவிக்கு ஊர் தேதியிட்ட பிறப்பு கிடையாது, பெயர் கிடையாது. காம்போஸுக்குப் பிறந்த நேரம்கூட உண்டு. அதனால் கூற்று பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது.

நான் எடுத்துக்கொள்வது வேற்றாள். புதிதாகச் செய்தது அல்ல, ஊரில் புழங்குவதுதான். சொந்த வீட்டில் தயங்கி நிற்கிறவரைப் பார்த்து "என்ன வேத்தாள் மாதிரி வாசல்லயே நிக்கிற?" என்று கேட்கிறோமே, அந்தச் சொல். தம் ஆளுக்கு வெளியே என்று பெசோவா சொன்னது அப்படியே இதில் இருக்கிறது. இன்னொரு பொருத்தமும் உண்டு. போர்ச்சுக்கீசியத்தில் 'பெசோவா' என்றாலே ஆள் என்றுதான் பொருள். முகமூடியைக் குறித்த லத்தீன் 'பெர்சோனா'விலிருந்து வந்தது.

உள்ளேயிருந்து வந்தவரை வேற்றாள் எனலாமா என்று தடை எழுப்பலாம். 1914 மார்ச் 8 அன்று உயரமான இழுப்பறை மேசை முன் நின்றபடியே கையெய்ரோவின் முப்பதுக்கும் மேற்பட்ட கவிதைகளைப் பெசோவா எழுதியதாக மொன்டெய்ரோவுக்குப் போன அதே கடிதம் சொல்கிறது. கையெழுத்துப் படிகள் அந்த ஒரே நாள் கதையை ஆதரிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் கையெய்ரோ வந்ததை அவர் சொல்லும் விதம் முக்கியம்: என்னுள் என் ஆசான் தோன்றினார். நான் படைத்தேன் என்று அவர் சொல்லவில்லை. வந்தவரை வேற்றாள் என்பதில் தவறில்லை.

லிஸ்பனில் உதவிக் கணக்கராக இருக்கும் பெர்னார்டோ சோரெஸைப் பெசோவா பாதி ஹெட்டரோனிம் என்றார். அது நானேதான், தர்க்க அறிவும் பாசமும் கழிந்த நான் என்றார். அவருக்கு அரைவேற்றாள் என்று எழுதலாம். மாற்றுப்பெயர்க்காரர்கள் இந்த இடத்தில் என்ன செய்வார்கள்? அரை மாற்றுப்பெயர் என்றால் தலைப்பெழுத்தைச் சுருக்கிக்கொண்டவர் என்றல்லவா படும்?

அந்த இளைஞரின் எண் என்னிடம் இருக்கிறது. இன்று மாலை கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.