பொம்மையின் முகம்: ஆலை வண்ணமா, கைவண்ணமா?

சேகரிப்புக்காகப் பொம்மை வாங்குகிறவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஆலையிலேயே கண்ணும் புருவமும் உதடும் தீட்டப்பட்ட பொம்மையை வாங்கலாம். அல்லது வண்ணமே இல்லாத வெறும் தலையை வாங்கி, அதற்கென்றே இருக்கும் ஓவியரிடம் கொடுத்துத் தம் விருப்பப்படி முகம் எழுதி வாங்கலாம். பெரும்பாலானோர் அழகையும் விலையையும் மட்டும் எடைபோட்டு இதை முடிவு செய்கிறார்கள். சேலத்திலோ சேர்வராயன் மலையிலோ வசிப்பவர்கள் அவற்றோடு இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தலை எந்தப் பொருளால் ஆனது என்பது ஒன்று, வண்ணம் பூசும் நாளில் காற்று எப்படி இருக்கும் என்பது மற்றொன்று. முகம் எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதை, ஓவியரின் கைத்திறனைவிட இவை இரண்டுமே அதிகம் தீர்மானிக்கின்றன.

பார்பி போன்ற பொம்மைகளின் தலை வினைலால் ஆனது. வினைல் என்று நாம் சொல்லும் பி.வி.சி. இயல்பில் கடினமானது, குழாய்களுக்குப் பயன்படுவதும் அதுதான். அதில் நெகிழ்வூட்டி எனப்படும் எண்ணெய் போன்ற திரவத்தைக் கலந்தால்தான் விரலால் அழுத்தினால் அமுங்கும் மென்மை கிடைக்கிறது. இந்தத் திரவம் பி.வி.சி.யுடன் வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதில்லை. அதன் மூலக்கூறுகளுக்கு இடையில் தங்கியிருக்கிறது, காலப்போக்கில் மெல்ல மேற்பரப்பை நோக்கி நகர்கிறது. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால், வினைல் முகங்களுக்கு நேரும் கோளாறுகளில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

வினைல் தலையில் ஆலைகள் முகம் எழுதும் முறைக்குத் திண்டு அச்சு என்று பெயர் சொல்லலாம். தொழிலில் பேட் பிரிண்டிங் என்பார்கள். ஓர் உலோகத் தகட்டில் கண்ணின் வடிவம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு ஆழத்துக்குக் குடையப்பட்டிருக்கும். அதன்மீது மையைப் பரப்பி, கூர்மையான தகட்டால் வழித்துவிட்டால், குழிக்குள் மட்டும் மை தங்கும். வெளியே தெரியும் மையின் மேல்முகத்திலிருந்து கரைப்பான் ஆவியாகி, அந்த முகம் பிசுபிசுப்பாகும்போது, மென்மையான சிலிக்கோன் திண்டு ஒன்று இறங்கி அதை ஒட்டி எடுத்துக்கொள்கிறது. திண்டு பொம்மையின் தலைக்கு நகரும் அந்தச் சில நொடிகளில், இதுவரை குழியின் அடியில் இருந்த மறுமுகம் வெளிக்காற்றில் பட்டு அதுவும் பிசுபிசுப்பாகிறது. சிலிக்கோனில் எதுவும் உறுதியாக ஒட்டாது என்பதால், திண்டு தலையின்மீது அழுந்தியதும் மை முழுவதும் வினைலுக்கே போய்விடுகிறது. திண்டின் முகப்பு குவிந்திருப்பதால் நடுவிலிருந்து விளிம்புக்குக் காற்று வெளியேறி, மூக்கின் ஓரத்திலும் இமையின் வளைவிலும்கூடக் குமிழி இல்லாமல் அச்சு விழுகிறது. மையிலுள்ள கரைப்பான் வினைலின் மேற்பரப்பைச் சற்றே ஊதச் செய்து, மைப்படலத்தை அதனுடன் பிணைத்துவிடுவதும் இங்கேதான் நடக்கிறது. ஆலை வண்ணம் எளிதில் உரியாததற்கு இதுவே காரணம்.

ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு என்பதால் வெள்ளை விழி, கருவிழி, பாவை, ஒளிப்புள்ளி, இமைக்கோடு எல்லாம் அடுத்தடுத்து ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர வேண்டும். தலை தன் பிடியில் சிறிது நகர்ந்திருந்தால் ஒரு நிறம் விலகிவிடும். பார்பி ஆறில் ஒரு பங்கு அளவுள்ள பொம்மை. அதன் முகத்தில் அரை மில்லிமீட்டர் விலகல் என்பது மனித முகத்தில் மூன்று மில்லிமீட்டர் விலகலுக்குச் சமம், அது மாறுகண்ணாகவே தெரியும். 1959-இல் வந்த முதல் பார்பி பக்கவாட்டில் பார்த்தாள்; 1971-இல் வந்த மாலிபு பார்பியில்தான் பார்வை நேராகத் திரும்பியது. நேராகப் பார்க்கும் முகத்தில் சிறு விலகலும் உடனே கண்ணில் படும் என்பதால், இன்றைய பொம்மைகளை வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.

விலகலைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நேராக உள்ள முகத்தை நம் மூளை ஒட்டுமொத்தமாக ஒரே உருவமாக வாங்கிக்கொள்கிறது. தலைகீழான முகத்தில் அந்தத் திறன் வேலை செய்யாமல் போவதை, 1980-இல் யார்க் பல்கலைக்கழகத்தின் பீட்டர் தாம்சன், மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் புரட்டி ஒட்டிக் காட்டினார். படம் தலைகீழாக இருக்கும்வரை கோரம் தெரிவதில்லை, நிமிர்த்தினால் திடுக்கிட வைக்கிறது. தலைகீழாகப் பிடிக்கும்போது முகம் முகமாகத் தெரியாமல் கோடுகளாகவும் வட்டங்களாகவும் தெரிவதால், ஒரு கருவிழி மற்றதைவிடத் தாழ்ந்திருப்பதை அளவுகோல் வைத்ததுபோல் ஒப்பிட முடிகிறது. நிமிர்த்தியபின், இரு கண்களின் ஒளிப்புள்ளியும் ஒரே பக்கத்தில் விழுந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வருவதால், அவை கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிராக இருந்தால் பார்வை குவியாது.

ரெசின் பொம்மைகளின் கதை வேறு. ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் 1999-இல் சூப்பர் டால்ஃபியை வெளியிட்டதிலிருந்து பரவிய இந்த மூட்டுப்பொம்மைகள் பாலியூரித்தேன் ரெசினை அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. இவற்றுக்கு நிறுவனமே முகம் தீட்டித் தந்தாலும் அது பொதுவாக எந்திர அச்சு அன்று. அங்கே வேலை பார்க்கும் ஓவியர் ஒரு மாதிரியைப் பார்த்து, வண்ணத்தைக் காற்றழுத்தத்தால் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷாலும் தூரிகையாலும் எழுதுவதுதான். ஆகவே ரெசினில் ஆலை வண்ணமா கைவண்ணமா என்று கேட்பது, உண்மையில் எந்தக் கை என்று கேட்பதுதான். ஒரே மாதிரியைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகிய கையில் பிழை குறைவு. உங்களுக்கென்று ஒரு முகத்தை நினைத்து எழுதும் கையில் உயிர் அதிகம். எனக்குப் பிந்தையதே பிடிக்கும்.

ரெசினின் மேற்பரப்பு வழவழப்பானது, போதாததற்கு அச்சிலிருந்து கழற்ற உதவிய பொருளின் எச்சமும் அதில் படிந்திருக்கும். அதைச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவிய பிறகும் வண்ணம் நேரடியாக ஒட்டாது. மெருகேற்றிய கிரானைட் தரையில் கோலமாவு நில்லாமல் ஓடுவதும் சாணம் மெழுகிய வாசலில் பிடித்து நிற்பதும் நமக்குத் தெரியும். ஓவியர் முதலில் அடிக்கும் மேட் ஸ்ப்ரே, அதாவது பளபளப்பில்லாத படலம் தரும் தெளிப்பு, அந்தச் சாணத்தின் வேலையைச் செய்கிறது. ஒளியைச் சிதறடிப்பதற்காக அதில் கலந்துள்ள நுண்துகள்கள் காய்ந்த படலத்தைச் சொரசொரப்பாக்குகின்றன. பாஸ்டல் குச்சியைச் சுரண்டி எடுத்த பொடியை மென்தூரிகையால் கன்னத்தில் தடவினால், அந்தச் சொரசொரப்பில் பொடி சிக்கிக்கொள்கிறது. அதை மறுபடி ஸ்ப்ரே அடித்துப் பூட்டி, அதன்மேல் நீர்த்த அக்ரிலிக்கால் புருவத்தின் முடிகளை ஒவ்வொன்றாக இழுத்து, மீண்டும் பூட்டுகிறார்கள். ஒரு கோடு பிசகினால் கடைசிப் படலம் வரைக்கும் மட்டும் ஈரப்பஞ்சால் துடைத்து மறுபடி எழுதலாம், கீழே உள்ளது கலையாது. இந்த அடுக்கு முறைதான் கைவண்ணத்துக்கு ஆழத்தைத் தருகிறது. அச்சு மையின் ஒற்றைத் தட்டைப் படலத்தில் அந்த ஆழம் வராது.

இந்த ஸ்ப்ரேதான் ஏற்காட்டில் சிக்கலாகிறது. ஸ்ப்ரேயின் கரைப்பான் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அந்த இடம் சில பாகை குளிர்கிறது. காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பார்கள். குளிர்ச்சி அந்தப் பனிநிலையை எட்டினால், நீராவி காயாத படலத்தின்மீது நுண்துளிகளாகப் படிந்து உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. முகம் முழுதும் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும். கணக்கைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பக்கம் மழைக்காலத்தில் 22 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பகல் என்று கொள்வோம்; அப்போது பனிநிலை ஏறக்குறைய 19.4 பாகை. மேற்பரப்பு மூன்று பாகைகூடக் குளிர வேண்டியதில்லை, வெண்மை படர்ந்துவிடும். மலையடிவாரத்தில் சேலத்தின் அஸ்தம்பட்டியில் மார்ச் மாதப் பிற்பகல் ஒன்றில் 34 பாகையும் 35 விழுக்காடும் இருந்தால் பனிநிலை 16 பாகையை ஒட்டி நிற்கும். பதினேழு பாகைக்குமேல் இடைவெளி இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையில் ஸ்ப்ரேயின் நடத்தை இவ்வளவு மாறுகிறது.

அதற்காகச் சேலத்து வெயில் எல்லாம் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சித்திரை உச்சிவெயிலில் மொட்டைமாடியில் அடித்தால், துளிகள் தலையை அடையும் முன் காற்றிலேயே காய்ந்து மணல்போல் விழும். அந்தச் சொரசொரப்பில் மெல்லிய கோடு இழுக்க முடியாது. தை பிறந்ததிலிருந்து பங்குனி தொடங்கும் வரையிலான நாட்களில், பனி விலகிய முற்பகல் நிழலில் செய்வதே தக்கது. புரட்டாசியில் கொலுவுக்கு முன்பாக முடித்துத் தரச் சொல்லி ஓவியரை நெருக்குவது வழக்கமாகியிருக்கிறது, ஆனால் சேலத்துக்கு நல்ல மழை கிடைக்கும் மாதங்கள் அவைதாம். கொலுவின் மண்பொம்மைகளுக்கு அது அவ்வளவு தடையில்லை, ஏனெனில் சுட்ட மண் நுண்துளைகள் நிறைந்தது, நீர்வண்ணத்தை அதுவே உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ரெசினுக்கு அந்த வசதி இல்லை. மலையிலேயே வசிப்பவர்களுக்குச் சொல்லத்தக்க மாற்று, நீரில் கரையும் வார்னிஷை ஏர்பிரஷ்ஷால் மெல்லிய படலங்களாக அடிப்பது. காய நேரம் பிடிக்கும், வெண்மை படரும் ஆபத்து குறையும். எதை அடித்தாலும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி அணிய வேண்டும். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

வெயில் தீட்டும்போது மட்டுமன்றிப் பின்னரும் தன் வேலையைக் காட்டுகிறது. புறஊதாக் கதிர் ரெசினை மஞ்சளாக்குகிறது, சாயப்பொருள்களின் மூலக்கூறுகளை உடைத்து நிறத்தை வெளுக்கச் செய்கிறது. கன்னத்துக்கு ஒளிரும் ரோஜாநிறம் கேட்பவர்கள் அதிகம். விரைவில் வெளுக்கும் நிறங்களில் ஒளிர்நிறங்களே முதல் வரிசையில் நிற்கின்றன. நிலைத்த சிவப்பு வேண்டுமானால் இரும்பு ஆக்சைடு நிறமிதான் சரி. காவிக்கல்லின் சிவப்பும், சேர்வராயன் மலைச்சாலை ஓரத்து மண்ணின் சிவப்பும் அந்த ஆக்சைடால் வருவதே. அதில் வெயில் உடைத்துவிடக்கூடிய சாய மூலக்கூறு கிடையாது, இரும்பு ஏற்கெனவே ஆக்சிஜனுடன் கூடி நிலைபெற்றுவிட்டது. சற்றுச் செங்கல் சாயல் அடித்தாலும், நம் ஊர் முகங்களின் மாநிறத்துக்கு அது பொருந்தி வருகிறது.

வினைல் தலையைக் கைவண்ணத்துக்குக் கொடுப்பவர்கள் மீண்டும் நெகிழ்வூட்டியை எண்ணிப் பார்க்க வேண்டும். மேல்நோக்கி நகரும் அந்தத் திரவம் சிலவகைக் கரைப்பான் ஸ்ப்ரேக்களின் படலத்துக்குள் புகுந்து, என்றைக்கும் காயாத பிசுக்காக மாற்றிவிடும். வெப்பம் கூடக்கூட நகர்வும் விரைவுபடுவதால் சேலத்தில் இது கூடுதல் தொல்லை. தூசியும் வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய ஆலை வண்ணத்தை அழிப்பதும் எளிதன்று. சில சாயங்கள் நெகிழ்வூட்டியில் கரைந்து வினைலுக்குள்ளேயே இறங்கியிருப்பதால், துடைத்த பிறகும் புருவத்தின் நிழல் தங்கிவிடலாம். 1972-இல் கென்னர் நிறுவனம் வெளியிட்டு, 2001-இல் டகாரா மீட்டெடுத்த பிளைத் போன்ற பொம்மைகளின் முகம் கடின நெகிழியால் ஆனது. அதை அசிட்டோனால் துடைத்தால் முகமே கரைந்து குழம்பும். ரெசினுக்கும் அசிட்டோன் ஆகாது.

ஆகவே மென்வினைல் பொம்மையில் அச்சு நேராக விழுந்திருந்தால் ஆலை முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும்படிதான் சொல்வேன். பழைய, அரிய பதிப்பு என்றால் அதில் கைவைக்கவே கூடாது. அதன் மதிப்பில் பெரும்பகுதி அந்த முகத்தில்தான் இருக்கிறது. ரெசின் தலையை வெறுமையாகவே வாங்கி, வறண்ட மாதத்தில் நல்ல ஓவியரிடம் கொடுப்பதில் இழப்பு ஏதும் இல்லை. பிடிக்காவிட்டால் துடைத்து மறுபடி எழுதலாம் என்ற உரிமையே ரெசினின் பெரும் சிறப்பு. ஓவியரைத் தேர்ந்தெடுக்கும்போது புதிதாக முடித்த முகங்களின் படங்களை மட்டும் பார்த்து மயங்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய முகம் இன்று எப்படி இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எந்த ஸ்ப்ரே, எத்தனை படலம், கன்னத்தில் எந்த நிறமி என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். பின்னாளில் அந்த முகத்தைச் செப்பனிடவோ துடைக்கவோ நேரும்போது, எந்தக் கரைப்பானைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.