பத்து நாள்ல முழு சைனாவா? டூர் பிளான் போடறவன் சொல்றத கொஞ்சம் கேளுங்க

நான் டூர் பிளான் போட்டுக் கொடுக்கற ஆளு, பதினாறு வருஷமா இதான் பொழப்பு. சைனா போகணும்னு வர்றவங்க பாதி பேரு கையில ஒரு லிஸ்ட்டோடதான் வருவாங்க. பெய்ஜிங், ஷியான், ஷாங்காய், செங்டு பாண்டா, குய்லின் ஆறு, ஜாங்ஜியாஜியே மலை, முடிஞ்சா லாசா. லீவு எத்தன நாள் சார்னு கேட்டா பத்து நாள்ம்பாங்க. அதுல போக ஒண்ணு வர ஒண்ணு ஃப்ளைட்டுக்கே போயிடும், மிச்சம் எட்டு நாள்ல ஏழு ஊரு!

மேப்ல பாத்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரிதான் தெரியும், அங்கதான் ஏமாந்து போறோம். பெய்ஜிங்ல இருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர், 2011ல விட்ட ஹைஸ்பீட் டிரெயின்ல நாலரை மணி நேரத்துல போயிடலாம்னு யூடியூப்ல சொல்றாங்க, உண்மைதான், ஆனா ஹோட்டல காலி பண்ணி, பெட்டியெல்லாம் இழுத்துட்டு, ஸ்டேஷன்ல எக்ஸ்ரே செக்கிங் முடிச்சு, அந்தப் பக்கம் இறங்கி, டாக்ஸி புடிச்சு, ரூம் சாவி கையில வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அதனால நான் கணக்கு போடும்போது ஊர் மாறுற நாள சுத்திப் பாக்கற நாளா சேத்துக்கவே மாட்டேன். ஏழு ஊர்னா ஆறு தடவ மாறணும், எட்டு நாள்ல ஆறு நாள் பெட்டி கட்டறதுலயே போச்சு. முதல் தடவ போறவங்களுக்கு நான் சொல்றது மூணு ஊரு, பெய்ஜிங் ஷியான் ஷாங்காய், அவ்ளோதான். சண்டை போடுவாங்க, பரவால்ல.

ஸ்டேஷன் விஷயத்துல ஒண்ணு. பெய்ஜிங்னு ஒரே ஸ்டேஷன் கிடையாது. ஷாங்காய் டிரெயின் பெரும்பாலும் சவுத்ல இருந்து, ஷியான் டிரெயின் பெரும்பாலும் வெஸ்ட்ல இருந்து. டாக்ஸி டிரைவர்கிட்ட ஸ்டேஷன்னு மட்டும் சொன்னா அவருக்கு தோணுன எடத்துல எறக்கி விட்டுடுவாரு. டிரெயின் கிளம்பறதுக்கு சில நிமிஷம் முன்னாடியே கேட்ட மூடிடுவாங்க, ஓடி வந்து ஏறுற கதையெல்லாம் அங்க நடக்காது. ஸ்டேஷன் பேர சீன எழுத்துல போன்ல சேவ் பண்ணி டிரைவர்கிட்ட காட்டுங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன், இத எழுத உக்காந்ததே இதுக்காகத்தான். அங்க டிக்கெட்ங்கறது ஒரு பேப்பர் இல்ல, உங்க பாஸ்போர்ட் நம்பர்தான் டிக்கெட். டிரெயின், ஃபர்பிடன் சிட்டிங்கற பெய்ஜிங் பழைய ராஜா அரண்மனை, தியானன்மென் சதுக்கத்துக்குள்ள கால் வைக்கறதுக்கு கூட முன்பதிவு, எல்லாமே பாஸ்போர்ட் நம்பர்லதான். ஃபர்பிடன் சிட்டி டிக்கெட் ஏழு நாள் முன்னாடி ராத்திரி 8 மணிக்கு ஆன்லைன்ல ஓப்பன் ஆகும், சீசன்ல 60 யுவான், மத்த நேரம் 40, வெலை ஒண்ணும் பெருசில்ல, கெடைக்கறதுதான் பெருசு. வாசல்ல போயி வாங்கிக்கலாம்ங்கற பேச்சே கிடையாது. திங்கக்கிழமை லீவு வேற, அரசு விடுமுறை வந்தா மட்டும் விதிவிலக்கு. பெய்ஜிங்ல ஞாயிறு இறங்கி திங்கள் முழுக்க அரண்மனைன்னு பிளான் போட்டுட்டு வந்தவங்கள எத்தனையோ பேர பாத்துட்டேன்.

என் தப்பையும் சொல்லிடறேன். ஒரு குடும்பம், மகன், மருமக, பேத்தி, எழுபது வயசு அம்மா. முந்தின வருஷம் வேற நாட்டுக்கு நான்தான் அனுப்பி வச்சேன், அதனால பாஸ்போர்ட் காப்பி எங்க ஃபோல்டர்லயே இருந்துச்சு, அதப் பாத்து புக் பண்ணிட்டோம். நடுவுல அம்மாவோட பாஸ்போர்ட் முடிஞ்சு புதுசு வாங்கியிருக்காங்க, விசா அவங்களே நேரா போட்டுக்கிட்டாங்க, எங்களுக்கு தெரியல, நானும் கேக்கல. அக்டோபர் கடைசி, காலைல எட்டரைக்கு அரண்மனை தெக்கு வாசல்ல வரிசை. மகனுக்கு பச்சை லைட், மருமகளுக்கு பச்சை, பேத்திக்கு பச்சை, அம்மா பாஸ்போர்ட்ட வச்சதும் மெஷின் கத்துது. மறுபடி வச்சா மறுபடி கத்துது. கைடு பையன் எனக்கு போன் பண்றான், பின்னாடி வரிசை தள்ளுது, செக்யூரிட்டி ஓரமா நிக்கச் சொல்றாங்க. புது நம்பர் போட்டு வாங்கிடலாம்னு பாத்தா அன்னிக்கு ஒரு ஸ்லாட் கூட இல்ல.

கடைசில மத்த மூணு பேரும் உள்ள போனாங்க, கைடு அம்மாவ கூட்டிட்டு சுத்தி வந்து வடக்கு வாசலுக்கு எதிர்ல இருக்கற ஜிங்ஷான் பார்க் குன்று மேல மெதுவா ஏத்தி உக்கார வச்சான். அங்கிருந்து அரண்மனை முழுசும் கீழ விரிஞ்சு கெடக்கும். நான் போன்ல, "அம்மா, தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கங்க"ன்னேன். "இருக்கட்டும் தம்பி, இங்கேர்ந்து மஞ்ச ஓடுதான் தெரியுது, உள்ள எப்படி இருக்குன்னு இதுக வந்து சொல்லட்டும்"னாங்க. கோவமா பேசியிருந்தா கூட தேவலைன்னு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே ஷியான் டிரெயின் டிக்கெட்ட கேன்சல் பண்ணி புது நம்பர்ல போட்டோம், நல்லவேளை சீட் இருந்துச்சு. மகன் ரெண்டு நாள் என் போன எடுக்கல. அதுல இருந்து யாரு வந்தாலும் பழைய காப்பிய தொடறதே இல்ல, இன்னிக்கு கையில இருக்கற பாஸ்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தா சத்தமா படிச்சு ரெண்டு பேரு செக் பண்றோம்.

தேதி எப்படி எடுக்கறதுன்னா, அக்டோபர் 1ல இருந்து ஒரு வாரம், மே மாச ஆரம்பம், அப்பறம் அவங்க புது வருஷம், இந்த மூணையும் தவிர்த்துடுங்க. அவங்க புது வருஷம் சந்திர கணக்கு, ஜனவரி கடைசிலயும் வரும் பிப்ரவரிலயும் வரும், காலண்டர பாத்துக்கங்க. நாடே ஒட்டுமொத்தமா ஊருக்கு கிளம்புற நேரம் அது. டிரெயின் டிக்கெட் 15 நாள் முன்னாடிதான் ஓப்பன் ஆகும், அந்த வாரங்கள்ல கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள காலி. பெருஞ்சுவர்ல படாலிங் பக்கம் போனா அப்ப சுவர் தெரியாது, தலைதான் தெரியும். நான் எப்பவுமே முட்டியன்யுதான் சொல்வேன், சிட்டில இருந்து 70 கிலோமீட்டர் போல, கேபிள் கார் இருக்கு, எறங்கறதுக்கு சறுக்கு வண்டி இருக்கு, குழந்தைங்கள விட அதுக்கு ஆசப்படறது அப்பாமாருங்கதான்.

விசா. 240 மணி நேரம் விசா இல்லாம சுத்தலாம்னு ஒரு வீடியோ சுத்துது, அதப் பாத்துட்டு டிக்கெட் போட்டுட்டு வந்து நிக்கறாங்க. அந்த நாடுகள் லிஸ்ட்ல இந்தியா இல்ல, நான் இத எழுதற வரைக்கும் இல்ல. டூரிஸ்ட் விசா கைக்கு வந்தப்பறம் டிக்கெட் போடுங்க.

லாசா கேக்கறவங்களுக்கு தனியா சொல்லணும். சைனா விசா மட்டும் போதாது, திபெத்துக்கு தனி பர்மிட் வேணும், அது டூர் ஏஜென்சி மூலமாத்தான் கெடைக்கும், வெளிநாட்டுக்காரங்க அங்க தனியா சுத்தவும் முடியாது. பிப்ரவரி கடைசி, மார்ச்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு மூடறது வழக்கம். ஊரே 3,650 மீட்டர் ஒசரத்துல இருக்கு, இறங்கின அன்னிக்கு தலவலி, மூச்சு வாங்கறது எல்லாம் சகஜம், முதல் நாள் எங்கயும் போகாம படுத்தே கெடக்கணும். இதய பிரச்சனை, மூச்சுப் பிரச்சனை இருக்கறவங்க டாக்டர கேக்காம என்கிட்ட அட்வான்ஸ் குடுக்காதீங்க, நான் வாங்க மாட்டேன். பத்து நாள் டிரிப்ல இத சொருகவே கூடாது.

பணம், போன். கூகுள், வாட்ஸப், யூடியூப் எதுவும் அங்க ஹோட்டல் வைஃபைல ஓடாது, ஆனா நம்ம சிம்ல ரோமிங் போட்டுட்டு போனா ஓடும், அதனால ரோமிங் காசுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. கடைல எல்லாம் கியூஆர்தான். அலிபேங்கற பணம் கட்டற ஆப்ப எறங்கறதுக்கு முன்னாடியே போன்ல போட்டு, பாஸ்போர்ட் வெரிஃபிகேஷன் முடிச்சு, கார்டுல இன்டர்நேஷனல் யூஸ் ஆன் பண்ணி இணைச்சு வைங்க, வெளிநாட்டு கார்டுக்கு 200 யுவானுக்கு மேல ஒரே தடவைல கட்டுனா 3 சதவீதம் புடிப்பாங்க. சில்லறை நோட்டும் கொஞ்சம் பர்ஸ்ல இருக்கட்டும். பவர் பேங்க் எடுத்துட்டு போறவங்க கவனிங்க, 2025 ஜூன் 28ல இருந்து அங்க உள்நாட்டு ஃப்ளைட்ல 3சிங்கற சைனா பாதுகாப்பு சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏத்த விட மாட்டாங்க, வாங்கி வச்சுக்குவாங்க.

சைவம் சாப்பிடறவங்க, கீரைன்னு நெனச்சு எடுத்தா அதுல பன்றிக்கொழுப்போ கொத்துக்கறியோ இருக்கலாம். புத்தர் கோயில் பக்கத்துல சைவ ஹோட்டல் இருந்தா பயப்படாம சாப்பிடுங்க. ஷாங்காய் நான்ஜிங் ரோட்ல, பெய்ஜிங் வாங்ஃபூஜிங்ல சிரிச்ச மொகமா இங்கிலீஷ்ல பேசி "வாங்க டீ குடிக்கலாம்"னு கூப்பிட்டா போயிடாதீங்க, நாலு கிண்ணம் டீக்கு நீட்டற பில்ல பாத்தா மயக்கம் வரும்.

மூணு ஊரோட நிறுத்தச் சொன்னதுக்கு கோவிச்சுக்கிட்டு போன ஒரு ரிட்டயர்டு வாத்தியார், அடுத்த வருஷமே மனைவியோட மறுபடி வந்தாரு, இந்த தடவ தெக்கால போகணும்னு. அவர ச்சுவான்ஜோவுக்கு அனுப்பினேன். எந்த லிஸ்ட்லயும் யாரும் எழுதிட்டு வராத ஊரு அது, 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துருக்காங்க. நம்மாளுங்க வியாபாரத்துக்கு போயி அங்கயே சிவன் கோயில் கட்டியிருக்காங்க, 1281ல வெட்டுன தமிழ் கல்வெட்டு அங்க கெடச்சிருக்கு. கோயில் இப்ப இல்ல, ஆனா கையுவான் புத்தர் கோயில்ல பெரிய மண்டபத்துக்கு பின்னாடி போனா நம்ம ஊரு சிற்பி கை பட்ட மாதிரி ரெண்டு கல்தூண் நிக்கும். வாத்தியார் அங்கிருந்தே வீடியோ கால் போட்டாரு, தூண்ல கிருஷ்ணர் இருக்காருன்னு விரல வச்சு காட்டறாரு, பின்னாடி அவங்க மனைவி, "போதும் வாங்க, டிரெயினுக்கு நேரமாச்சு"ங்கறாங்க.