‘இயர்மார்க்’ பணம் என்றால் என்ன?

அகதிக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தும் தொண்டு நிறுவனங்களில், கணக்குப் பார்ப்பவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது: “அது இயர்மார்க் பண்ணின பணம், அதைத் தொட முடியாது.” கொடுத்தவர் ‘இந்த வேலைக்கு மட்டும்’ என்று குறித்துக் கொடுத்த பணம் என்று பொருள். பெஞ்சுக்கு வந்த பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் போட முடியாது.

இயர் என்றால் காது, மார்க் என்றால் குறி. மேய்ச்சலில் மந்தைகள் கலந்துவிட்டால் எது யாருடைய ஆடு என்று தெரிவதற்காகக் காதில் வெட்டிவிடும் அடையாளத்துக்கு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாகவே இந்தப் பெயர். பணத்துக்கு அது வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில்.

ஐ.நா. அகதிகள் முகமைக்கு வருவதில் பெரும்பகுதி, நாடுகளும் தனியாரும் விரும்பித் தரும் பணம். குறி எவ்வளவு இறுக்கம் என்பதை வைத்து அதைத் தரம் பிரிக்கிறார்கள். குறியே இல்லாதது ஒன்று. ஒரு வட்டாரத்துக்கு என்று தளர்வாகக் குறித்தது, ஒரு நாட்டுக்கு என்று குறித்தது என்று போய், குறிப்பிட்ட திட்டத்தோடு இறுகக் கட்டியதில் முடியும்.

கல்விக்கு வரும் பெரிய தொகைகள் பெரும்பாலும் குறியோடுதான் வருகின்றன. 1992இல் ஜெர்மன் அரசு உதவியோடு ஐன்ஸ்டைன் பெயரில் தொடங்கிய டாஃபி உதவித்தொகை, அகதிகளின் உயர்கல்விக்கு மட்டும். 2018இல் பொம்மை நிறுவனமான லெகோவின் அறக்கட்டளை, குழந்தைகளுக்குக் கல்வி நிகழ்ச்சி தயாரிக்கும் செசமி ஒர்க்‌ஷாப்புக்கு 10 கோடி டாலர் கொடுத்தது. ரோஹிங்கியா, சிரியச் சிறுவர்கள் விளையாட்டு வழியே கற்பதற்கு. இவற்றைக் குறை சொல்ல முடியாது. குறி இல்லாவிட்டால் சோறும் கூரையும் முந்திக்கொள்ளும், பள்ளிக்கூடம் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

சிக்கல் எங்கே என்றால், கட்டடத்துக்கும் புத்தகப்பைக்கும் பணம் தருபவர் சுலபமாகக் கிடைப்பார், படம் எடுத்துப் போடலாம். மாதாமாதம் சம்பளம் தர ஆள் கிடைப்பது கஷ்டம். பங்களாதேஷின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா அகதி முகாம்களில் நிரந்தரக் கட்டடத்துக்கு அனுமதி இல்லாததால் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கற்றல் மையங்கள் எழுந்தன. ஒரு மையத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவரும் ரோஹிங்கியா ஆசிரியர் ஒருவரும் இருப்பது வழக்கம். 2025இல் நிதி வற்றியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களுக்கு வேலை போனது. இத்தகைய நெருக்கடியில் வேறு தலைப்பில் பணம் கிடந்தாலும், கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் அதைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது. இதனால்தான் 2016இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதநேய உதவி மாநாட்டின்போது, 2020க்குள் 30 சதவீத உதவியையாவது குறி இல்லாமலோ தளர்ந்த குறியோடோ தரப் பார்ப்போம் என்று கொடையாளிகள் ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் அதை எட்டவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் ‘ஒதுக்கீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. தன் கையில் இருப்பதைப் பங்கு பிரிப்பவர் செய்வது ஒதுக்கீடு. இங்கே நிபந்தனை கொடுப்பவருடையது. இதற்குத் தோதான சொல்லைக் கோயில்கள் வெகுகாலமாக வைத்திருக்கின்றன: கட்டளை. உச்சிக்கால பூஜைக்கு, அன்னதானத்துக்கு என்று குறித்து எழுதி வைப்பது கட்டளை, வைத்தவர் கட்டளைதாரர். உண்டியலில் விழுவது பொதுப்பணம், கட்டளைப் பணம் அப்படியில்லை. அறக்கட்டளை என்ற சொல்லுக்குள்ளும் இதே கட்டளைதான் உட்கார்ந்திருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் இதன் பழைய வடிவம் உண்டு. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்கு என்று கொடுப்பது 96 ஆடு, அதற்கு ஈடாக மந்தையை ஏற்றவர் தருவது நாள்தோறும் ஒரு உழக்கு நெய். குட்டிகளைக் கொண்டு மந்தை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்றே எழுதினார்கள். நெய் விளக்குக்குத்தான், மடைப்பள்ளிக்கு இல்லை. ஆங்கிலச் சொல்லும் ஆட்டிலிருந்து வந்ததுதான் என்பது வேடிக்கையான பொருத்தம்.

என் தேர்வு ‘கட்டளை நிதி’. ‘ஆணை’ என்று படித்துக் குழம்புவார்களோ என்று தோன்றும் இடத்தில் ‘நோக்கம் குறித்த நிதி’ என்று விரித்து எழுதலாம். குறி இல்லாமல் வருவதற்குப் ‘பொது நிதி’ போதும், புதுச்சொல் எதுவும் வேண்டாம்.