நேர சோதனை: யாருக்குச் சோதனை?

ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தைக் கணக்குப் பார்க்கிற சைக்கிள் பந்தயத்துக்கு என்ன பெயர் என்று, மீஞ்சூர் பக்கம் வெளிவட்டச் சாலையில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சைக்கிள் ஓட்டும் பையன்களைக் கேளுங்கள், ‘டைம் ட்ரயல்’ என்பார்கள். அவசரமென்றால் ‘டீட்டீ’. ராயபுரத்திலிருந்து வருகிறவருக்கும் மாதவரத்திலிருந்து வருகிறவருக்கும் அதே பேச்சுதான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே பையன்கள் நல்லெண்ணத்தோடு தமிழில் ஒரு நோட்டீஸ் அடிக்க உட்காரும்போதுதான் வம்பு. உடனே வந்து நிற்கிறது ‘நேர சோதனை’. போன வாரம் அது இன்னும் ஒரு படி முற்றி, ‘இரண்டு மேல் குழு நேர சோதனை’ என்று என் கைபேசிக்கு வந்தது. இரண்டு மேல் என்றால் இரண்டுக்கு மேலா, இரண்டு பேர் எதன் மேலேயாவது ஏறுகிறார்களா? குழு என்றால் யார் அமைத்த குழு? படித்தால், அதிகாரிகள் நாலு பேர் ஜீப்பில் வந்து இறங்கி ஏதோ கடையின் கடிகாரத்தைப் பரிசோதிக்கிற மாதிரி இருக்கிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சாதாரண சைக்கிள் பந்தயத்தில் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவார்கள். கோட்டை முதலில் தொட்டவர் ஜெயித்தார். இதில் ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவார்கள். ஓட்டுகிறவரின் இரண்டு காலும் பெடலில் இருக்கும், பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்து வண்டி சாயாமல் நிறுத்தியிருப்பார், பக்கத்தில் நிற்பவர் விரல்களை மடக்கி ஐந்து, நாலு, மூணு என்று எண்ணுவார். எண்ணி முடிந்ததும் பிடித்த கை விட்டுவிடும். அப்புறம் எதிராளி பெரும்பாலும் கண்ணிலேயே படமாட்டார். குறைந்த நேரத்தில் தூரத்தை முடித்தவருக்கு வெற்றி. வழியில் யாரையாவது எட்டிப் பிடித்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

இருவர் ஓர் அணியாகப் போகும்போது அந்த மறைவுதான் ஆட்டமே. மாறி மாறி முன்னால் போய்க் காற்றை வாங்குவார்கள். முன்னவரின் பின்சக்கரத்துக்கும் பின்னவரின் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண், கொஞ்சம் பயந்தவர்களுக்கு இரண்டு சாண். முழங்கையை லேசாக ஆட்டினால் ‘நீ வா’ என்று அர்த்தம். ஆட்டியவர் ஓரமாக விலகி, மிதியைக் குறைத்து, கூட்டாளியின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்வார். பின்னால் இருக்கும்வரை உழைப்பில் கால் பங்கு, சில சமயம் அதற்கும் மேலேயே மிச்சம். பலசாலி முன்னால் வரும்போது வேகத்தைக் கூட்டக் கூடாது; அதே வேகத்தில் கூடுதல் நேரம் இழுக்க வேண்டும். கூட்டினால் மற்றவர் கழன்றுவிடுவார், கடிகாரமோ இரண்டாவது ஆள் கோட்டைக் கடக்கும்போதுதான் நிற்கும். எண்ணூர்ப் பக்கம் கடல் காற்று குறுக்கே அடிக்கிற நாளில் கவனித்துப் பாருங்கள்: பின்னவர் நேர் பின்னால் வராமல், காற்று படாத பக்கமாகச் சற்றே ஒதுங்கி வருவார்.

இங்கிலாந்தில் அமெச்சூர் கிளப்புகள் குளிர் முழுக்க விலகும் முன்பே, பிப்ரவரி மார்ச்சில், இப்படி ஜோடி ஜோடியாக ஓட்டிப் பருவத்தைத் தொடங்குவது வழக்கம். அங்கே அதன் செல்லப் பெயர் ‘டூ-அப்’. நோட்டீஸில் வந்த ‘இரண்டு மேல்’ இங்கேயிருந்து முளைத்ததுதான். இத்தாலியில் பராக்கி கோப்பை என்று ஒன்று 1949 முதல் 1990 வரை இருவர் பந்தயமாகவே நடந்தது. அந்த நாட்டின் பேர்பெற்ற ஓட்டி ஃபாவ்ஸ்தோ கோப்பி, ஃபிலிப்பியைக் கூட்டாளியாகக் கொண்டு 1953, 1954, 1955 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து ஜெயித்தார்.

சொல்லுக்கு வருவோம். ‘ட்ரயல்’ பழைய பிரெஞ்சின் ‘த்ரியே’யிலிருந்து வந்தது, பிரித்தெடுப்பது, பொறுக்கியெடுப்பது என்று பொருள். அதிலிருந்து வழக்கு விசாரணை, முயன்று பார்த்தல், துன்பம் என்று கிளைகள். சைக்கிளில் அது ஒட்டிக்கொண்ட காலம் 1890கள். 1894இல் பந்தய ஓட்டிகளைக் கண்டு ஒரு குதிரை மிரண்டு பெரிய ரகளையாகிவிட, இங்கிலாந்தின் சைக்கிள் சங்கம் பொதுச் சாலையில் பந்தயமே கூடாது என்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: கூட்டமாக விட்டால்தானே போலீஸ் கண்ணில் படும், ஒவ்வொருவராக விட்டு நேரத்தைக் குறித்துக்கொள்வோம். விடியற்காலையில், கறுப்பு உடையில், பாதையின் பெயரைக்கூடச் சங்கேத எழுத்தில் எழுதி நடத்தினார்கள். ஆக, பந்தயத்தைப் பந்தயம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊரில் அந்த ஆட்டத்தைத் தாங்கி நின்ற பெயர் அது. ‘ட்ரயல்’ அங்கே ஒரு முக்காடு என்பது என் கணிப்பு. அவர்கள் போலீசுக்குப் பயந்து போட்ட முக்காட்டை நாம் ஏன் பத்திரமாக மொழிபெயர்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

மற்ற நாட்டுக்காரர்கள் போட்டுக்கொள்ளவில்லை. பிரெஞ்சில் ‘கோந்த்ர லா மோந்த்ர’, கடிகாரத்துக்கு எதிராக. ஸ்பானிய மொழியிலும் அதே. ஜெர்மன்காரர் நேர ஓட்டு என்கிறார், டச்சுக்காரரும் அப்படியே. இத்தாலியருக்கு நேரமானியின் பெயரே போட்டியின் பெயர். சைக்கிளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் இத்தனை மொழிகளில் ஒன்றுகூடச் சோதனை என்று சொல்லவில்லை.

இனி ‘சோதனை’. அது வடசொல் என்பது என் வழக்கு அல்ல. ‘சோதன’ என்றால் தூய்மைப்படுத்துதல். தமிழில் புழங்கி எத்தனையோ காலமாகிவிட்டது, நம் சொத்துதான். என் வழக்கு, அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது. ரத்தச் சோதனை, சர்க்கரைச் சோதனை, வருமான வரிச் சோதனை, சோதனைச் சாவடி, ஏவுகணைச் சோதனை. வீட்டில் அடுக்கடுக்காகக் கஷ்டம் வந்தால் ‘சாமி சோதிக்குது’. இதில் எந்தச் சோதனையிலும் ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்பதில்லை. சோதனையில் தேறலாம், மாட்டலாம், தப்பலாம், முந்த முடியாது. இந்த ஆட்டத்திலோ முந்துவது ஒன்றுதான் வேலை. பல நாள் நடக்கும் டூர் டி ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், 1989இன் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகக் கிளம்பும் இதே ஆட்டம். மொத்த நேரத்தில் 50 விநாடி பின்தங்கிக் கிளம்பிய அமெரிக்கர் லெமாண்ட், 8 விநாடி வித்தியாசத்தில் மொத்தப் பந்தயத்தையும் பிரெஞ்சுக்காரர் பின்யோனிடமிருந்து பறித்தார். அன்று நடந்தது சோதனையாம்! பின்யோனுக்கு வேண்டுமானால் சோதனை.

வடசென்னைக்காரனுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தது 2021 பிப்ரவரியில். அதற்கு முன் பேப்பரைத் திறந்தால் ‘சோதனை ஓட்டம்’. ஆள் ஏறாத காலி ரயில், மெதுவாகப் போகும், மெதுவாக வரும். இங்கே சோதனையையும் ஓட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் மனசில் வருவது அந்தக் காலி ரயில்தான். வாயில் நுரை தள்ள மிதிக்கிற ஒருவனுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

நேரம் என்பதோடு சோதனை சேர்ந்தால் நடுவில் ச் வர வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நேரச் சோதனை. தவறான சொல்லையாவது சரியாக எழுதலாமே.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஓட்டப் பயிற்சியாளர் பையனைத் தனியாக ஓடவிட்டு, ‘இப்போ உன் நேரம் எவ்வளவு, பார்ப்போம்’ என்று கடிகாரத்தைப் பிடிக்கிறாரே, அது நேரச் சோதனையேதான். அங்கே போட்டி இல்லை, தன் நிலையைத் தெரிந்துகொள்வது மட்டும். இதை வைத்து ஒரு நண்பர் மடக்கினார்: பருவத் தொடக்கத்தில் நடக்கும் போட்டியும் குளிர்காலப் பயிற்சி எந்த அளவு பலித்தது என்று பார்க்கத்தானே, ஆகவே சோதனை பொருந்துகிறது என்று. பொருந்தவில்லை. ஓட்டுகிறவர் என்ன நோக்கத்தோடு வருகிறார் என்பது அவர் சொந்த விஷயம். ஒருவர் உடம்பு இளைக்க வருவார், ஒருவர் புது சக்கரம் வாங்கியதைக் காட்ட வருவார். பெயர் ஆட்டத்தின் விதியிலிருந்து வர வேண்டும். விதி என்ன சொல்கிறது? நேரத்தை வரிசைப்படுத்து, குறைந்தவருக்கு முதல் பரிசு. இது பந்தயம்.

சோதனையைப் பிடிக்காதவர்கள் வைத்திருக்கும் மாற்றுகளும் எனக்குப் பிடித்தபாடில்லை. ‘நேரத் தேர்வு’ என்றால் மணியடித்ததும் விடைத்தாளைப் பிடுங்கிக்கொள்ளும் தேர்வு அறை. ‘நேரோட்டம்’ என்று சுருக்கி ஒருவர் பெருமைப்பட்டார். நேர் பிளஸ் ஓட்டம்தான் நேரோட்டம் ஆகும். நேரம் என்பதோடு ஓட்டம் சேர்ந்தால் நேரவோட்டம். பள்ளி இயற்பியலில் நேரோட்டம் என்றால் டி.சி. மின்சாரம் என்று படித்தவன் அதைப் பார்த்தால் பேட்டரியைத் தேடுவான். ‘கால ஓட்டம்’ அழகாக இருக்கிறது, ஆனால் அது நமக்கு நரை விழவைக்கும் வேறு சமாசாரம்.

நான் சொல்வது நேரப் பந்தயம். கேட்டவுடன் பாதி புரியும், ஒருமுறை பார்த்தால் மீதி. பந்தயம் தூய தமிழா என்று எவராவது கிளம்புவார்கள்; தெலுங்கில் பந்தெம், கன்னடத்தில் பந்த்ய என்று அக்கம்பக்கம் முழுக்க இருக்கும் சொல். ‘என்ன பந்தயம் கட்டுறே?’ என்று காசிமேட்டில் கேட்கிறவரிடம் போய்ச் சொற்பிறப்பு அகராதியை நீட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. குதிரைப் பந்தயம், படகுப் பந்தயம், மாட்டுவண்டிப் பந்தயம் என்ற வரிசையில் நேரப் பந்தயம் சண்டை போடாமல் உட்காரும். போட்டி என்றும் வைக்கலாம்தான். ஆனால் கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி என்று போட்டிக்கு உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலைகள் அதிகம். பந்தயத்தில் வேகம் இருக்கிறது.

மொழிபெயர்ப்பவர்கள் பலர் இந்த ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்க்கிறார்கள். ‘டைம்’ என்றால் நேரம், ‘ட்ரயல்’ என்றால் சோதனை, ‘டீம்’ என்றால் குழு. மூன்று செங்கல், சுவர் ரெடி. கிரிக்கெட்டில் அணி என்று அழகாக எழுதுகிற அதே கை சைக்கிள் என்றதும் குழு என்று எழுதுகிறது. குழு விசாரிக்கும், அறிக்கை தரும், விளையாடுவது அணி. இப்போது இயந்திரமும் இவர்கள் எழுதியதையே படித்து இவர்களுக்கே திருப்பித் தருகிறது. நோட்டீஸ் அடிக்கும் பையன் என்ன செய்வான், திரையில் வந்ததை நம்பி எடுத்துக்கொள்கிறான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. இதற்கு டீட்டீ என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தால் வருகிற பத்துப் பேருக்கும் புரிந்திருக்கும்.

பாக்கி இருப்பது அந்த ‘டூ-அப்’. ஜோடி என்பார்கள் ஓட்டுகிறவர்கள், ‘உன் ஜோடி யாரு?’ என்று கேட்பதில் குறையில்லை. நோட்டீஸில் போட்டால் கல்யாண மண்டப வாசனை வரும். இணை நல்ல சொல், ஆனால் இணைப் பேராசிரியர், இணை இயக்குநர் என்று அலுவலகத்தில் அடிபட்டு, அடுத்த நாற்காலிக்காரர் என்றே ஆகிவிட்டது. இரட்டையர் என்பதைத்தான் நான் வெகு நாள் ஆதரித்து வந்தேன். டென்னிஸில் இருக்கிறது. இலக்கியத்திலும் இருக்கிறது: கண் தெரியாதவர் தோளில் கால் நடவாதவர் ஏறிக்கொண்டு, ஒருவர் பாதி வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடிப்பார் என்று கதை சொல்வார்களே, அந்த இரட்டைப் புலவர்களை விடப் பொருத்தமாக மாறி மாறி இழுத்தவர்கள் யார்? ஆனால் ஊர் வேறு மாதிரி இருக்கிறது. சென்னையில் சைக்கிளோடு இரட்டையைச் சேர்த்தால் வருவது ‘டபுள்ஸ்’. கேரியரில் ஒருவனை உட்கார வைத்து மிதிப்பது. டபுள்ஸ் போனால் போலீஸ் நிறுத்திய காலத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் தண்டையார்பேட்டையில் இன்னும் இருக்கிறார்கள்.

எனவே இருவர். இருவர், மூவர், நால்வர் என்று ஆளை எண்ணுவதற்குத் தமிழில் தனிச்சொல்லே இருக்கும்போது கடன் எதற்கு? ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், கலந்தும் ஓட்டலாம், எல்லாவற்றுக்கும் ஒரே இருவர். ஒலிம்பிக்கில் 1960 முதல் 1992 வரை 100 கிலோமீட்டருக்கு நடந்தது நால்வர் நேரப் பந்தயம். ஆள் எண்ணிக்கை முக்கியமில்லாத இடத்தில் அணி நேரப் பந்தயம். ஒரே சிக்கல், ஒரே சைக்கிளில் முன்னும் பின்னும் உட்கார்ந்து இருவர் மிதிக்கும் டாண்டம் வண்டியோடு குழம்பலாம். அதற்கு நோட்டீஸில் கீழே சின்ன எழுத்தில் ‘ஆளுக்கு ஒரு சைக்கிள்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் சரி.