பள்ளி கேட்கும் என்று காத்திருக்காதீர்கள்: இங்கிலாந்தில் பிள்ளைக்கு இஎச்சி பிளான் பெறுவது

"அவன் அப்பாவே நாலு வயசுக்கு மேலதான் பேசினான், இவனும் பேசுவான்." பிள்ளைக்குப் பேச்சு தாமதமானால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல் இது. பள்ளிக்கூடத்தில் கேட்டால், "வீட்டில் தமிழ்தானே பேசுகிறீர்கள், ஆங்கிலம் பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். இரண்டையும் நம்பி இரண்டு வருடம் போய்விடுகிறது. அந்த இரண்டு வருடம் சின்னப் பிள்ளைக்குப் பெரிய காலம். அதற்குள் கேட்க வேண்டியது இஎச்சி பிளான் (EHC plan), அதாவது பிள்ளைக்கு என்ன உதவி தரப்படும் என்று உள்ளூர் கவுன்சில் எழுதித் தரும், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட திட்டம்.

வீட்டில் வேறு மொழி பேசுவது மட்டுமே கற்றல் சிரமம் ஆகாது என்று 2014-ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம் சொல்கிறது. ஆனால் மொழியைக் காரணம் காட்டி உண்மையான சிரமத்தைத் தள்ளிவிடவும் முடியாது. எது காரணம் என்று பள்ளி கவனமாகப் பார்க்க வேண்டும். இதில் பெற்றோருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. தமிழில் சொன்னாலும் பிள்ளைக்குப் புரியவில்லையா? அம்மம்மாவிடம்கூட இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதில்லையா? அப்படியானால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. நாள் போட்டு, உதாரணத்தோடு எழுதி வையுங்கள்.

முதலில் பள்ளியின் சென்கோவைப் பாருங்கள். சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர் அவர்தான். பள்ளி தன் அளவிலேயே உதவி தொடங்க வேண்டும். அதற்கு டாக்டரின் சீட்டு தேவையில்லை. வாசலில் நின்று பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். எழுத்தில் இல்லாததைப் பிறகு காட்ட முடியாது.

அது போதவில்லை என்றால் கவுன்சிலிடம் இஎச்சி மதிப்பீடு கேட்கலாம். கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பீடு இது. பிறகு வரும் பிளான் தேவை இருக்கும் வரை, அதிகபட்சம் 25 வயது வரை, தொடரலாம். பலருக்குத் தெரியாத விஷயம், பெற்றோரே நேரடியாகக் கடிதம் எழுதிக் கேட்கலாம் என்பது. சட்டம் பார்ப்பது இரண்டே கேள்வி. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கலாமா? அதற்குப் பிளான் மூலம் உதவி தேவைப்படலாமா? "பள்ளி முதலில் 6,000 பவுண்ட் செலவழித்திருக்க வேண்டும்", "டயக்னோசிஸ் வந்த பிறகு வாருங்கள்", "பள்ளிதான் கேட்க வேண்டும்" என்றெல்லாம் சொல்வார்கள். இவை எதுவும் சட்டத்தில் இல்லை.

கடிதம் கிடைத்த 6 வாரத்துக்குள் மதிப்பிடுவோமா மாட்டோமா என்று கவுன்சில் சொல்ல வேண்டும். கடிதத்திலிருந்து இறுதிப் பிளான் வரை மொத்தம் 20 வாரம். பல கவுன்சில்கள் இதைத் தாண்டிப்போகின்றன. தாண்டினால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

வரைவுப் பிளான் வந்ததும் உங்கள் கருத்தைச் சொல்லக் குறைந்தது 15 நாள் அவகாசம் உண்டு. தயவுசெய்து அதை அவசரமாகப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 'பி' பகுதியில் பிள்ளையின் தேவைகள், 'எஃப்' பகுதியில் ஒவ்வொரு தேவைக்கும் தரப்போகும் உதவி, 'ஐ' பகுதியில் பள்ளி. எஃப் பகுதியில் எழுதியதைக் கவுன்சில் தந்தே ஆக வேண்டும். பணம் இல்லை, ஆள் இல்லை என்று கைவிரிக்க முடியாது. அதனாலேயே அங்கே எழுத்து மழுப்பலாக இருக்கும். "ஸ்பீச் தெரபிக்கு வாய்ப்பு அளிக்கப்படும்" என்பது வருடத்துக்கு ஒரு முறை என்றும் ஆகலாம். "வாரம் ஒரு முறை, 45 நிமிடம், ஸ்பீச் தெரபிஸ்ட் நேரடியாக" என்று இருந்தால்தான் நாளைக்கு அதைக் காட்டிக் கேட்க முடியும். எவ்வளவு நேரம், எத்தனை முறை, யார் தருவார் என்று வரிவரியாகப் பாருங்கள். மதிப்பீட்டுக்காகச் சைக்காலஜிஸ்ட் எழுதிய அறிக்கையில் இருக்கும் தேவை ஏதாவது பி பகுதியில் விடுபட்டிருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள். அங்கே விட்டால் எஃப் பகுதியிலும் அது வராது.

மதிப்பீட்டையோ பிளானையோ கவுன்சில் மறுத்துவிட்டால்? மறுப்புக் கடிதத்திலேயே மேல்முறையீட்டு உரிமை எழுதியிருக்கும். முதலில் மீடியேஷன் (சமரசப் பேச்சு) ஆலோசகரிடம் பேசிச் சான்றிதழ் வாங்க வேண்டும்; மீடியேஷனில் உட்காரத்தான் வேண்டும் என்றில்லை. பிளானின் 'ஐ' பகுதியில் எழுதிய பள்ளியை மட்டும் எதிர்த்தால் சான்றிதழும் வேண்டாம். கடிதத் தேதியிலிருந்து 2 மாதம், அல்லது சான்றிதழ் தேதியிலிருந்து 1 மாதம், இவற்றில் எது பின்னால் வருகிறதோ அதற்குள் ட்ரிப்யூனலில், அதாவது இந்த மேல்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில், விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். தீர்ப்பு வரை போன வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குடும்பங்களுக்குச் சாதகமாகவே முடிகின்றன. ஆகவே முதல் மறுப்போடு நின்றுவிடாதீர்கள்.

ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை உண்டு. இப்சியா என்ற தொண்டு நிறுவனத்தின் இணையதளத்தில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. பிள்ளையின் விவரத்தை நிரப்பி அனுப்பிவிடலாம்.

அப்புறம், வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாரோவிலிருந்து க்ராய்டனுக்குப் போனால் பிளான் ரத்தாகாது, புதிய கவுன்சிலுக்கு மாறும். மாறும் தேதியை இரண்டு கவுன்சிலுக்கும் முன்னதாகவே எழுதிச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போவதென்றால் அங்கே சட்டமே வேறு. கிளம்பும் முன்பே விசாரியுங்கள்.