தென்னையில் சாம்பல் படை: நோயென்று சுரண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத் தோப்புகளில் தென்னந்தண்டைக் கவனித்தால் சாம்பலும் வெளிர்பச்சையுமாக வட்டவட்டமாய் ஒரு படை ஒட்டியிருக்கும். நோய் என்று எண்ணி இதை அரிவாளால் சுரண்டுகிறார்கள், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசுகிறார்கள். இரண்டும் வேண்டாம். இது லைக்கன். மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஓர் இடம் கிடைத்தால் அதற்குப் போதும். சுரண்டும்போது தண்டில் விழும் காயம்தான் ஆபத்து, சாறு வடிதல் நோயை உண்டாக்கும் பூஞ்சை அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. தண்டு வெடிப்பில் செம்பழுப்பு நிறச் சாறு கசிந்தாலோ, அடித்தண்டில் கசிவோடு கீழ்மட்டைகள் வாடித் தொங்கினாலோ உடனே வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். கசிவில்லாத உலர்ந்த படையை அப்படியே விட்டுவிடுங்கள். பட்டையோடு ஒட்டி வளரும் பல இனங்கள் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட நகர்வதில்லை. உள்ளங்கை அகலப் படை ஒன்று பல பத்தாண்டு வயதுடையதாக இருக்கலாம்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்த குடித்தனம். சில இனங்களில் பச்சைப்பாசிக்குப் பதில் நீலப்பசும்பாசி இருக்கும். பாசி வெயிலில் சர்க்கரை தயாரிக்கிறது. பூஞ்சை அதற்கு உறையாக இருந்து, வெயிலையும் உலர்வையும் தாங்க உதவுகிறது. இது இரண்டு உயிர்களின் சேர்க்கை என்று 1867இல் சுவிஸ் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இன்றைய பெயரிடல் விதிப்படி, லைக்கனுக்கு வைக்கும் அறிவியல் பெயர் அதிலுள்ள பூஞ்சையின் பெயர். பாசிக்குத் தனிப் பெயர் உண்டு. ஆகவே லைக்கனை வகைப்படுத்துவது பூஞ்சையை வகைப்படுத்துவதுதான். 2017இல் வெளியான உலகத் தொகுப்பு 19,000க்கு மேற்பட்ட இனங்களைக் கணக்கிட்டது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பை போன்ற உறைக்குள் வித்து (ஸ்போர்) உண்டாக்கும் ஆஸ்கோமைகோட்டா பிரிவைச் சேர்ந்தவை; குடைக்காளான்களின் பிரிவைச் சேர்ந்தவை நூற்றில் ஒன்று அளவே.

பாசியோடு சேரும் வாழ்க்கையைப் பூஞ்சைகள் ஒரே முறை கண்டுபிடித்துவிடவில்லை. வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக அதை எட்டியிருக்கின்றன, சில கிளைகள் பிறகு பாசியைக் கைவிட்டும் இருக்கின்றன. வெறும் பாறையில் முதலில் லைக்கன் வந்தது, அது மண்ணாக்கிக் கொடுத்த பின்பே செடிகள் வந்தன என்று பாடப்புத்தகங்கள் சொல்வதை 2020இல் வெளியான மரபணுக் காலக்கணிப்பு ஆதரிக்கவில்லை. இன்றுள்ள பெரிய லைக்கன் குழுக்கள் நாளக்குழாய் (நீரைக் கடத்தும் குழாய்) உள்ள செடிகளுக்குப் பின்பு தோன்றியவை என்றே அது காட்டியது.

உருவத்தை நம்பி உறவு சொல்லக் கூடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும் கல்பாசி இலைபோல் மடிந்த லைக்கன், மலைப்பகுதியிலிருந்து வருவது. மலைக்காடுகளில் தாடிபோல் தொங்கும் உஸ்னியா பார்வைக்கு முற்றிலும் வேறு. ஆனால் இரண்டும் பார்மெலியேசி என்ற ஒரே குடும்பம். மறுபுறம், சோழமண்டலக் கடற்கரை மரங்களில் சாம்பல் நிற நாடாக்களாகத் தொங்கும் ரொசெல்லா மோன்டாக்னேய் உஸ்னியாவின் தம்பிபோல் தோன்றும். அது குடும்பத்தைவிடப் பெரிய பிரிவான வகுப்பிலேயே வேறு, ஆர்த்தோனியோமைசீட்ஸ். அதன் நெருங்கிய சொந்தங்கள் பாறையில் சுண்ணாம்புப் பூச்சுபோல் படிந்து கிடப்பவை. படை, இலை, புதர் என்ற மூன்று வடிவங்களும் பலமுறை தனித்தனியே தோன்றியவை. களக்குறிப்பில் வடிவத்தை எழுதிக்கொள்ளலாம், குடும்பத்தை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மழை குறைந்த இந்த மாவட்டத்தில் லைக்கன் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். பச்சைப்பாசி உள்ள லைக்கன்கள் காற்றின் ஈரப்பதத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவிடும். நீலப்பசும்பாசி உள்ளவற்றுக்கு நீர்த்துளியே வேண்டும். கடற்காற்று யாருக்குச் சாதகம் என்பது தெளிவு. ரொசெல்லாவிலும் பட்டையோடு ஒட்டிய பல படைகளிலும் இருப்பது டிரென்டிபோலியா என்ற பாசி. பச்சைப்பாசிக் குலத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் கரோட்டின் என்ற நிறமியால் ஆரஞ்சு நிறம் பெற்றது. வழவழப்பான பட்டையில் வெள்ளைப் படை மீது கறுப்புக் கோடுகள் கிறுக்கியதுபோல் இருந்தால் அது கிராஃபிடேசி குடும்பமாக இருக்கலாம். படையை நகத்தால் லேசாகக் கீறினால் ஆரஞ்சு நிறம் தெரியும்.

இனி அடையாளம் காணும் வேலை. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். தென்னையில் அதிகம் குழப்புபவை பிக்சின் கோக்கோஸும் டிரினேரியாவும். இரண்டும் சாம்பல், இரண்டும் தண்டோடு ஒட்டியிருப்பவை. பிக்சினின் அடியில் வேரிழைகள் உண்டு, டிரினேரியாவில் இல்லை. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் பிக்சின் கோக்கோஸ் மஞ்சளாக ஒளிரும், ஏனென்றால் அதன் மேற்தோலில் லைக்கெக்ஸாந்தோன் என்ற சேர்மம் இருக்கிறது. டிரினேரியாவின் மேற்தோல் அப்படி ஒளிராது. விளக்கு 365 நானோமீட்டராக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கின் ஊதா வெளிச்சம் அந்த மஞ்சளை மூழ்கடித்துவிடும்.

வேதிச் சோதனைக்கு இரண்டு திரவங்கள் போதும்: 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள சலவை வெளுப்பான். ஒரு சொட்டு போதும், கையுறை அவசியம். ஆரஞ்சு நிற டெலோஸ்கிஸ்டேசி குடும்ப இனங்களில் முதல் திரவம் பட்டதும் செவ்வூதா வரும். ரொசெல்லா மோன்டாக்னேயின் மேற்தோலில் வெளுப்பான் பட்டால் சிவக்கும். எரித்ரின், லெகனோரிக் அமிலம் போன்ற சேர்மங்களே காரணம். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் சாயமும் ரொசெல்லா வகைகளிலிருந்து பிறந்ததுதான். இந்தச் சிவப்பு சில நொடிகளில் மறையும் என்பதால் கண்ணை எடுக்கக் கூடாது. வெயிலில் கிடந்த வெளுப்பான் வீரியம் இழந்துவிடும். நிறம் வரவில்லையென்றால் லைக்கனைச் சந்தேகிக்கும் முன் புட்டியைச் சந்தேகியுங்கள். மேற்தோல், உள்ளடுக்கு இரண்டையும் பிளேடால் திறந்து தனித்தனியாகச் சோதித்து, எதில் என்ன நிறம் வந்தது என்று எழுத வேண்டும்.

கறுப்புப் புள்ளி போன்ற காய்கள் (பூஞ்சை வித்து உண்டாக்கும் உறுப்புகள்) உள்ள படைகளில் வெளிச் சோதனை போதாது. பைரெனுலாவும் டிரைபெத்தீலியமும் பட்டையில் ஒன்றுபோலத் தெரியும். காயை மெல்லிய சீவலாக வெட்டி, முதலில் வெறும் நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஹைட்ராக்சைடில் வைத்தால் வித்து உப்பி அளவு மாறும். பைரெனுலாவின் வித்து முதிர்ந்தால் பழுப்பு, டிரைபெத்தீலியத்தின் வித்து பொதுவாக நிறமற்றது. வகுப்பும் வேறு: பைரெனுலா, பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகிய பூசணங்கள் உள்ள யூரோசியோமைசீட்ஸைச் சேர்ந்தது, மற்றது டோத்திடியோமைசீட்ஸ். இதோடும் தீராதபோது மரபணு வரிசை பார்க்க வேண்டும். தென் அமெரிக்காவின் கோரா லைக்கனை ஒரே இனமாகப் பல காலம் எண்ணியிருந்தார்கள். 2014இல் மரபணு ஆய்வு அதில் 126 இனங்களைப் பிரித்துக் காட்டியது. ஆனால் லைக்கன் மேல் வளரும் வேறு பூஞ்சையும் மாதிரியில் கலந்துவிட்டால் தவறான வரிசை கிடைக்கும். புள்ளியோ கறையோ இல்லாத விளிம்புத் துண்டையே அதற்கு எடுங்கள்.

மாதிரி எடுப்பதில் கெடுவது பெரும்பாலும் பாலித்தீன் பையால். ஈரம் அடைபட்டு இரண்டே நாளில் பூசணம் பிடிக்கும். காகித உறையில் வைத்து நிழலில் உலர்த்துங்கள். கோடையில் நொறுங்கும் இனங்களின் மேல் கொஞ்சம் நீர் தெளித்துச் சில நிமிடம் விட்டால் முழுதாகக் கழன்று வரும். ஒரு படையிலிருந்து ஓரத் துண்டு போதும், காய் உள்ள பகுதி அதில் இருக்க வேண்டும். உறையின் மேல் பென்சிலால் மரத்தின் பெயர், தரையிலிருந்து உயரம், கடலை நோக்கிய பக்கமா என்பது, இடக்குறிப்பு, தேதி எல்லாம் அங்கேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்ட உறைகள் ஆய்வுக்குப் பயன்படுவதில்லை.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே கால் வைக்கவோ எதையும் எடுக்கவோ வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். காரங்காடு அலையாத்திக் காட்டிலும் வனத்துறையைக் கேட்காமல் பட்டையில் கத்தி வைக்காதீர்கள். சொந்தத் தோப்பில் படம் எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை: பக்கத்தில் அளவுகோல் வைத்து, நிழலில், உலர்ந்த நிலையில் ஒன்று, நனைத்தபின் ஒன்று. நனைந்தால் பல இனங்களின் நிறம் மாறும் என்பதால் இரண்டு படமும் தேவை.